மெயினைப் பிடுங்கிப் பார்த்தீர்களா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 நவம்பர் 7ஆம் தேதி தில்லி விமான நிலையத்தில் 800க்கும் மேற்பட்ட விமானங்கள் தாமதமானது பற்றி உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். அதில் ஒரு விமானத்துக்காக நானும் என் மனைவியும் காலையிலிருந்து கேட் பக்கத்தில், தரையில் துண்டை விரித்து உட்கார்ந்திருந்தோம். செய்தியின் தலைப்பில் ரேடார் பழுது என்று போட்டிருந்தீர்கள். ரேடார் பழுதாகவில்லை. பைலட்டும், தரையிலிருந்து விமானங்களுக்கு வழி சொல்லும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளும் ரேடியோவும் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. பழுதானது வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாகப் போகும், இடம் இல்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், ஆனால் நடுவில் வருகிற சூப்பர்வைசர் கதையை மட்டும் வெட்டாதீர்கள்.

நான் தில்லியில் முப்பது வருடத்துக்கு மேல் தந்தி வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஜனக்புரியில் குடியிருக்கிறேன். தந்திக்காரனுக்கு விமானத்தைப் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் அன்று படுத்துக்கொண்ட ஏஎம்எஸ்எஸ் இருக்கிறதே, விமானச் செய்திகளைத் தானாகவே வாங்கி உரிய இடத்துக்கு அனுப்பும் கம்ப்யூட்டர், அது எங்கள் வம்சத்துப் பிள்ளை. அந்தக் காலத்தில் ஓர் ஊரிலிருந்து வரும் தந்தி, துளை போட்ட காகித நாடாவாக ஒரு மெஷினிலிருந்து நெளிந்துகொண்டு வரும். அதைக் கிழித்து, முகவரியைப் பார்த்து, அந்த ஊருக்குப் போகும் மெஷினில் கொண்டுபோய்ச் செருக வேண்டும். ஒரு ஷிப்ட் முழுக்க இதே வேலை, கால் வலிக்க நடப்போம். பிறகு கம்ப்யூட்டர் வந்து அந்தக் கிழித்துச் செருகும் வேலையைத் தன் தலையில் போட்டுக்கொண்டது.

விமானத் துறையிலும் இதே கதைதான். உலகம் முழுக்க விமான நிலையங்களுக்கு இடையே ஓடும் செய்திகள் இன்றைக்கும் அந்த டெலிபிரின்டர் காலத்துச் சட்டத்தில்தான் வார்க்கப்படுகின்றன. ஒரு வரிக்கு 69 எழுத்துக்கு மேல் கூடாது. முகவரி எட்டு எழுத்து, அதில் முதல் நான்கு ஊரைச் சொல்லும், வி ஐ டி பி என்றால் தில்லி, வி ஓ எம் எம் என்றால் சென்னை. முன்னுரிமைக் குறியும் உண்டு, ஆபத்தில் இருக்கும் விமானம் என்றால் எஸ்எஸ், அவசரம் என்றால் டிடி, பயணத் திட்டத்துக்கு எஃப்எஃப். எங்களிடமும் உயிர் காக்கும் தந்திக்கு எஸ்விஎச் என்று ஒரு குறி இருந்தது, அது வந்துவிட்டால் மந்திரி அனுப்பிய தந்தியாக இருந்தாலும் காத்திருக்கத்தான் வேண்டும்.

சரி, அன்று என்ன ஆயிற்று? ஒவ்வொரு விமானமும் கிளம்பும் முன் அதன் கம்பெனி ஒரு பயணத் திட்டத்தை அனுப்புகிறது: என்ன எண், என்ன வகை விமானம், எத்தனை மணிக்கு, எந்த வழியாக, எவ்வளவு உயரத்தில், எந்த ஊருக்கு. ஏஎம்எஸ்எஸ் அதை வாங்கி, கன்ட்ரோலர்கள் பார்க்கும் திரைக்குப் பின்னால் இருக்கும் கம்ப்யூட்டருக்குக் கொடுக்கிறது. அதனால்தான் திரையில் நகரும் புள்ளிக்குப் பக்கத்தில் இது இன்ன விமானம், இங்கே போகிறது என்று தானாகவே தெரிகிறது. 6ஆம் தேதி இந்த அமைப்பில் கோளாறு வந்துவிட்டது. விமானங்கள் நின்றுவிடவில்லை, ஆனால் ஒவ்வொரு பயணத் திட்டத்தையும் மனிதர்கள் கையால் போட வேண்டியதாயிற்று. நாளைக்கு 1,500 விமானங்கள் வந்து போகும் இடத்தில்! நாடாவைக் கிழித்துக்கொண்டு ஓடிய நாட்கள் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது, மனைவியிடம் சொன்னேன், அவள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டே, உங்க பழங்கதைய அப்புறம் வச்சுக்கலாம், திருச்சிக்கு எப்ப போய்ச் சேருவோம்னு சொல்லுங்க என்றாள். மறுநாள் அவள் தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். சென்னையில் இறங்கி இரவு ரயிலைப் பிடிப்பதாக ஏற்பாடு. ரயில் போய்விட்டது. பஸ்ஸில் போய் நிச்சயதார்த்தம் முடிந்து பந்தி நடக்கும்போது நுழைந்தோம்.

எங்கள் விமானக் கம்பெனி ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஒரு முறை தொழில்நுட்பக் காரணங்களால் என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண்பிள்ளையைச் சுற்றி இருபது பேர் நின்று கத்தினார்கள், பாவம், இருபத்திரண்டு வயது இருக்கும், அவளுக்கு என்ன தெரியும். கத்தியவர்களுக்கு ஒன்று சொல்ல நினைத்தேன், அன்று சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன். அன்று நம்மைப் பத்திரமாக வைத்திருந்தது அந்தத் தாமதம்தான். கருவி கைவிட்டதும் கன்ட்ரோலர்கள் விமானத்துக்கு விமானம் இடைவெளியைக் கூட்டினார்கள், எண்ணிக்கையைக் குறைத்தார்கள். அவசரப்பட்டு வழக்கமான வேகத்தில் விட்டிருந்தால்தான் பயப்பட வேண்டும்.

ஆனால் பயணிகள் பாதுகாப்புக்கு ஒரு பாதிப்பும் இல்லை என்று இதை முடித்துவிடுவதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. விபத்து நடக்கவில்லை என்பது உண்மை. ஆனால் கன்ட்ரோலரின் கண்ணும் காதும் திரையில் இருக்க வேண்டியவை. கையால் எண்ணும் எழுத்துமாகத் தட்டிக்கொண்டும், பக்கத்து அறைக்குப் போன் போட்டு அந்த விமானத்தின் திட்டம் வந்ததா என்று கேட்டுக்கொண்டும் இருந்தால் அந்தக் கவனம் எங்கிருந்து வரும்? தந்தி வேலையில் எனக்கு இது நன்றாகத் தெரியும். மெஷின் நன்றாக ஓடும் நாளில் ஆள் தப்பு செய்ய மாட்டான். மெஷின் படுத்த நாளில், எல்லாரும் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும்போதுதான் திருச்சிக்குப் போக வேண்டிய தந்தி திருச்சூருக்குப் போகும். தந்தி என்றால் மன்னிப்புக் கேட்டுக்கொள்ளலாம்.

2002 ஜூலை 1ஆம் தேதி இரவு ஜெர்மனியில் யூபர்லிங்கன் என்ற ஊருக்கு மேலே இரண்டு விமானங்கள் மோதி 71 பேரும் இறந்தார்கள், பெரும்பாலோர் சுற்றுலா கிளம்பிய ரஷ்யப் பள்ளிப் பிள்ளைகள். அந்தப் பகுதி வானத்தைப் பார்த்துக்கொண்டது சுவிட்சர்லாந்தின் சூரிச் மையம். அன்று இரவு பராமரிப்புக்காக அங்கே முக்கியத் தொலைபேசி இணைப்பை நிறுத்தி வைத்திருந்தார்கள், மாற்று லைன் இருக்கிறது என்ற தைரியத்தில். அந்த மாற்று லைனில் கோளாறு இருந்தது, அது யாருக்கும் தெரியாது. இன்னொரு கன்ட்ரோலர் ஓய்வுக்குப் போயிருக்க, ஒரே ஆள் இரண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். தாமதமாக இறங்க வந்த வேறொரு விமானத்துக்காகப் பக்கத்து விமான நிலையத்தைக் கூப்பிட வேண்டும், போன் போகவில்லை, மறுபடி முயற்சி, போகவில்லை. இந்தப் போராட்டத்தில் இரண்டு புள்ளிகள் ஒன்றை ஒன்று நெருங்குவதை அவர் கவனிக்கவில்லை. ஜெர்மனியில் கார்ல்ஸ்ரூ மையத்தில் இருந்தவர்கள் தங்கள் திரையில் ஆபத்தைப் பார்த்துவிட்டார்கள். சூரிச்சுக்கு மீண்டும் மீண்டும் போன் போட்டார்கள், கிடைக்கவில்லை. கடைசி நிமிடத்தில் சூரிச் கன்ட்ரோலர் ரஷ்ய விமானத்தை இறங்கச் சொன்னார், விமானத்துக்குள் இருந்த மோதல் எச்சரிக்கைக் கருவி ஏறச் சொன்னது, பைலட்கள் மனிதர் சொன்னதைக் கேட்டார்கள்.

அங்கேயும் ரேடார் இருந்தது, ரேடியோ இருந்தது. செத்துக் கிடந்தது ஒரு டெலிபோன் லைன். அந்தக் கன்ட்ரோலரை, மனைவியையும் இரண்டு பிள்ளைகளையும் அந்த விபத்தில் பறிகொடுத்த ஒருவர் 2004இல் வீடு தேடிப் போய்க் கொன்றுவிட்டார். லைனை நிறுத்தியவர்கள் பெயர் யாருக்காவது தெரியுமா?

இப்போது எங்கள் சூப்பர்வைசர் கதைக்கு வருகிறேன். கும்பகோணத்துக்காரர், வெற்றிலை போடுவார், எதற்கும் கையெழுத்துப் போட மாட்டார். நாங்கள் வேலை பார்த்த இடத்தில் மின்சாரம் போனால் எடுத்துக்கொள்ள பேட்டரி உண்டு, லைன் போனால் மாற்று லைன் உண்டு, எல்லாவற்றுக்கும் ஸ்டாண்ட்பை உண்டு. அதற்கு ஒரு ரிஜிஸ்டரும் உண்டு, வாராவாரம் ‘சோதிக்கப்பட்டது, சரி’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இவர் வருவதற்கு முன்னால் எல்லாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம், நானும்தான். இவர் வந்த முதல் சனிக்கிழமை ராத்திரி, தந்தி குறைவாக வரும் நேரம் பார்த்து, யாரிடமும் சொல்லாமல் போய் மெயினைப் பிடுங்கிவிட்டார். அறை இருண்டது, மெஷின்கள் நின்றன, ஸ்டாண்ட்பை வரவே இல்லை. பேட்டரியில் தண்ணீர் வற்றிப் போயிருந்தது. ரிஜிஸ்டரில் அதற்கு முந்தின வாரம் வரை வரிசையாக ‘சரி’, ‘சரி’, ‘சரி’. அவர் திட்டவில்லை. மெயினைப் பிடுங்கினாத்தாண்டா ஸ்டாண்ட்பை உசுரோட இருக்கான்னு தெரியும் என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்தார். அதற்கப்புறம் மாதம் ஒரு சனிக்கிழமை பிடுங்குவார், எந்தச் சனிக்கிழமை என்று சொல்ல மாட்டார்.

இந்த மனிதர் 2004இல் கலிஃபோர்னியாவில் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றும். அந்த வருடம் செப்டம்பர் 14ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்து வானத்தைப் பார்க்கும் பாம்டேல் மையத்தில், விமானங்களோடு பேசும் அமைப்பு முழுதாக அணைந்து மூன்று மணி நேரம் கிடந்தது. காரணத்தைக் கேட்டால் சிரிப்பீர்கள். உள்ளே இருந்த கம்ப்யூட்டர் மில்லி விநாடிகளை எண்ணிக்கொண்டே இருக்கும், சுமார் 49.7 நாளில் அந்த எண்ணிக்கை தன் கொள்ளளவைத் தாண்டிவிடும், அப்போது எல்லாம் நின்றுபோகும். அதற்கு முன்னால் 30 நாளுக்கு ஒரு முறை யாராவது போய் அணைத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் வேலை. ஒருமுறை அதை விட்டுவிட்டார்கள். மாற்றுக் கருவி? அதைப் போட்ட ஒரு நிமிடத்துக்குள் அதுவும் விழுந்தது. கன்ட்ரோலர்கள் தங்கள் சொந்த மொபைலை எடுத்துப் பக்கத்து மையங்களைக் கூப்பிட்டு, எங்க விமானங்களைப் பாத்துக்கோங்க என்று சொல்ல வேண்டி வந்தது. திரையில் இரண்டு விமானங்கள் நெருங்குவதைப் பார்க்கலாம், சொல்ல வாய் இல்லை. நினைத்தாலே வயிற்றைப் பிசைகிறது.

தில்லிக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் 2023 ஆகஸ்ட் 28, பிரிட்டன். அங்கேயும் பழுதானது பயணத் திட்டத்தை வாங்கும் கம்ப்யூட்டர்தான். லாஸ் ஏஞ்சலஸிலிருந்து பாரிஸ் போகும் ஒரே ஒரு விமானத்தின் திட்டத்தில், டிவிஎல் என்ற ஒரே பெயரில் இரண்டு இடங்கள் வந்துவிட்டன, ஒன்று அமெரிக்காவில், ஒன்று பிரான்சில். கம்ப்யூட்டருக்குத் தலை சுற்றியது, தப்பாக எதையாவது செய்வதற்குப் பதில் தன்னையே நிறுத்திக்கொண்டது. அது புத்திசாலித்தனம்தான். ஆனால் அடுத்து மாற்றுக் கம்ப்யூட்டர் என்ன செய்தது? அதே திட்டத்தை எடுத்துப் படித்தது, அதுவும் நின்றது. இரண்டும் விழ 20 விநாடி. முதல் ஆள் விஷத்தைக் குடித்துச் சாய்ந்ததைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் ஆள் அதே டம்ளரை எடுத்துக் குடித்த மாதிரி. மணிக்கு 400 திட்டம் வாங்கிய இடத்தில் கையால் 60தான் போட முடிந்தது. ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட பயணிகள் மாட்டிக்கொண்டார்கள். விடுமுறை நாள், சரிசெய்யத் தெரிந்த இன்ஜினீயர் வீட்டில் இருந்தார், அங்கிருந்தே முயன்று முடியாமல் நேரில் வந்து சேரவே ஒன்றரை மணி நேரம்.

ஆக, இரண்டு பெட்டி வாங்கி வைத்துவிட்டால் மாற்று ஏற்பாடு ஆகிவிடாது. இரண்டிலும் ஒரே மென்பொருள் ஓடினால், இரண்டுக்கும் ஒரே கேபிள் போனால், ஒரே மின்சாரம் என்றால், அவை இரண்டல்ல. 2023 புத்தாண்டு அன்று பிலிப்பைன்ஸின் மணிலாவில் விமானக் கட்டுப்பாட்டு மையத்தின் மின்சாரம்தான் காலை வாரியது, யுபிஎஸ் உட்பட. இந்த வருடம் ஏப்ரல் 28ஆம் தேதி அமெரிக்காவில் நியூவார்க் விமானங்களைப் பார்க்கும் கன்ட்ரோலர்களுக்கு ஒன்றரை நிமிடம் வரை ரேடாரும் ரேடியோவும் போய்விட்டது, அங்கே காரணம் ஒரு செம்புக் கம்பி லைன், நம்ம வீட்டு லேண்ட்லைன் மாதிரி. அந்த ஒன்றரை நிமிடத்துக்குப் பிறகு சிலர் அதிர்ச்சியில் விடுப்பில் போய்விட்டார்கள். அதைக் கேலி செய்தவர்களும் உண்டு. ஆகாயத்தில் இருப்பவனைத் தரையில் இருந்துகொண்டு கூப்பிட்டு, பதில் வராமல் ஒன்றரை நிமிடம் உட்கார்ந்து பார்க்கட்டும்.

இன்று நவம்பர் 12. 1996இல் இதே நாளில், சாயங்காலம், தில்லியிலிருந்து ஏறிய சவூதி விமானமும் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் ஹரியானாவில் சர்க்கி தாத்ரிக்கு மேலே மோதின. 349 பேர். நான் அன்று டூட்டியில் இருந்தேன், அடுத்த நாலு நாள் வந்த தந்திகளை இப்போதும் மறக்க முடியவில்லை, வளைகுடாவுக்கு வேலைக்குப் போனவர்களின் ஊர்களிலிருந்து, அதில் என் மகன் இருந்தானா, பதில் அனுப்பவும் என்று. சவூதி விமானத்துக்கு 14,000 அடி, கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று கன்ட்ரோலர் சரியாகத்தான் சொன்னார், பின்னது அதைத் தாண்டிக் கீழே வந்துவிட்டது. அப்போது தில்லியில் இருந்த ரேடார் விமானம் எங்கே இருக்கிறது என்று காட்டும், எவ்வளவு உயரத்தில் என்று காட்டாது. பைலட் வாயால் சொல்வதை நம்ப வேண்டியதுதான். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே வழி. அங்கே பழுதாவதற்கே கருவி இல்லை. விசாரணைக்குப் பிறகுதான் தனித்தனி வழிகள் வந்தன, உயரம் காட்டும் ரேடார் வந்தது, விமானங்களில் மோதல் எச்சரிக்கைக் கருவி கட்டாயமானது. 349 பேர் செத்த பிறகு வந்த கருவிகள் இவை, அவற்றைத்தான் இப்போது பழசாகிப் போக விட்டுவிடக் கூடாது என்கிறேன்.

பழசாகிறது என்று நான் சொல்லவில்லை, அங்கே வேலை பார்ப்பவர்களே சொல்லியிருக்கிறார்கள். கன்ட்ரோலர்களின் சங்கம் தானியங்கி அமைப்புகளின் வேகம் குறைந்துகொண்டே வருகிறது என்று கடந்த ஜூலையிலேயே எம்.பி.க்களுக்கு எழுதியது. நவம்பரில் ஏஎம்எஸ்எஸ் படுத்தது. இரண்டும் ஒரே கோளாறா என்பது வேறு விஷயம், ஆனால் மெஷினோடு குடித்தனம் நடத்துபவன் சத்தம் மாறுகிறது என்று சொன்னால் காது கொடுக்க வேண்டும். எங்கள் அலுவலகத்தில் டெலிபிரின்டர் சத்தத்தை வைத்தே அது மதியத்துக்குள் நின்றுவிடும் என்று சொல்லும் மெக்கானிக் ஒருவர் இருந்தார். அவர் சொன்னதை எந்த அதிகாரியும் ஃபைலில் ஏற்றியதில்லை. மதியத்துக்குள் அது நின்றுவிடும்.

விமானப் போக்குவரத்து அமைச்சர் ராம் மோகன் நாயுடு மூல காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லியிருக்கிறார், கூடுதல் சர்வர்கள் வைக்கச் சொல்லியிருக்கிறார். நல்லது. அந்த அறிக்கை வெளியே வருமா என்பதுதான் என் கேள்வி. பிரிட்டனில் தனி விசாரணைக் குழு போட்டு, இன்ஜினீயர் வீட்டில் இருந்தது வரை எழுதி, எல்லாரும் படிக்கும்படி வெளியிட்டார்கள். நான் மேலே எழுதியது எல்லாம் அப்படி வெளியே வந்ததால்தான் எழுத முடிந்தது. நம் ஊரில் தொழில்நுட்பக் கோளாறு சரிசெய்யப்பட்டது என்ற ஒரு வரியோடு முடிந்துபோகிறது. கூடுதல் சர்வர் வாங்குவது டெண்டர் விட்டால் முடிந்துவிடும் வேலை. முதல் கம்ப்யூட்டரும் மாற்றுக் கம்ப்யூட்டரும் ஒரே டம்ளரில் குடிக்குமா, கடைசியாக எப்போது மெயினை வேண்டுமென்றே பிடுங்கிப் பார்த்தார்கள், பிடுங்கியபோது கன்ட்ரோலர்கள் நாற்காலியில் இருந்தார்களா, கையால் ஓட்டிப் பழகியிருக்கிறார்களா, இதற்குப் பதில் தெரிய வேண்டும்.

செங்கோட்டைக்குப் பக்கத்தில் நடந்த குண்டுவெடிப்புக்குப் பிறகு பத்திரிகையில் வேறு எதற்கும் இடம் இருக்காது, அது எனக்கும் புரிகிறது, இரண்டு நாளாக எங்கள் தெருவிலும் வேறு பேச்சு இல்லை. ஆனால் டிசம்பர் 1ஆம் தேதி நாடாளுமன்றக் கூட்டத்தொடர் தொடங்குகிறது. தமிழ்நாட்டு எம்.பி.க்கள் எல்லாரும் தில்லிக்கு விமானத்தில்தான் வருவார்கள். உங்கள் தில்லி நிருபர் யாராவது ஒருவரைப் பிடித்து, அந்த அறிக்கையை அவையில் வைக்கச் சொல்லிக் கேட்க வைக்க முடியுமா? அப்புறம் அந்தத் தலைப்பு, ரேடார் பழுது, அதற்கும் ஒரு திருத்தம் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தந்தி ஊழியர்,
ஜனக்புரி, புது தில்லி